படகுத்துறை ஜோடி – 9: கதவுக்கு வெளியே நின்றவர்

போன வியாழக்கிழமை அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். இந்த வாரம் நடந்த அத்தனைக்கும் அந்தப் பல்தான் மூல காரணம்.

பல் பிடுங்கிய அன்று அவர் ஒத்திகைக்கு வரவில்லை. அவர் இடத்தில் வசனம் சொல்ல 'ரேடியோ'வை நிறுத்தினார்கள். ரேடியோ என்பது ஆள்தான். வானொலியில் பதினெட்டு வருஷம் செய்தி வாசித்தவர். முக்கிய நடிகருக்குக் காய்ச்சல், கால் சுளுக்கு என்று ஏதாவது வந்தால் மேடையேற வேண்டும் என்பதற்காக அமர்த்தப்பட்டவர். எட்டு வாரமாக ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து தொண்டை மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவரும் அம்மாவும் மூன்றாம் காட்சியைச் செய்தபோது கூடத்தில் ஒருவரும் செல்போனைத் தொடவில்லை. பியானோக்காரர் பக்கத்தைத் திருப்ப மறந்துபோனார். இயக்குநர் நாற்காலியில் இருந்த மகள் தன் நோட்டில் 'அப்பா' என்று எழுதி, உடனே அடித்துவிட்டாள்.

இந்த வாரம்தான் முதல்முறையாகப் படிப்பவர்களுக்காக நாலு வரி. 'கடைசிப் படகு' முப்பது வருஷத்துக்கு முன்னால் சக்கைப்போடு போட்ட இசை நாடகம். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற ஒருத்தி, கடைசிப் படகைத் தவறவிட்ட ஒருவன். விடிகிற வரை இரண்டு பேரும் பாட்டிலேயே சண்டை போடுவார்கள். முதல் படகு வரும்போது பிரிய மனமில்லாமல் நிற்பார்கள். கதை அவ்வளவுதான். அந்த நாடகத்தில்தான் அம்மாவும் அப்பாவும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். நூறாவது நாள் விழாவுக்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. அவர்களுக்குப் பிறந்தவள்தான் இப்போது அதே நாடகத்தை மறுபடி மேடையேற்றுகிறாள். புதுப்பித்த அரங்கத்தின் முதலாளி "அதே ஜோடி" என்ற இரண்டு வார்த்தைக்காகத்தான் தேதி கொடுத்தார். வாசலில் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. அரங்கேற்றத்துக்கு இன்னும் இருபத்தொரு நாள்.

திங்கட்கிழமை காலையில் அம்மா உடைக்கு அளவு கொடுக்க முன்னாலேயே கிளம்பிவிட்டாள். அப்பாவும் மகளும் நடந்தே போனார்கள். அரங்கத்துக்கு இருபது நிமிஷ நடை. அப்பாவின் நாக்கு பல் இருந்த பள்ளத்தைத் துழாவிக்கொண்டே வந்தது.

"இருந்தப்ப ஒரு நாளும் கண்டுக்கல. போனதுக்கப்புறம் நிமிஷத்துக்கு நாலு தடவ தேடுது" என்றார்.

மகள் சிரிக்கவில்லை. படுக்கையில் புரண்டு புரண்டு நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். தெருவில் இறங்கியதும் நாலும் மறந்துபோயின.

"அப்பா, வியாழக்கிழமை ரேடியோ சார் உங்க பார்ட் பண்ணாரு இல்ல..."

"கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதுலதான் தெரிஞ்சுது. மூணு நாளா போன் பண்றவன் எல்லாம் பல்ல மட்டும் விசாரிக்கிறான். நாடகத்தப் பத்தி ஒருத்தன் வாயத் திறக்கல. அப்ப என்னமோ நடந்திருக்குன்னுதானே அர்த்தம்?"

"நல்லா இருந்துச்சுப்பா."

"எவ்வளவு நல்லா?"

சிக்னல் சிவப்பில் நின்றது. பச்சையானதும் மகள் முதலில் இறங்கினாள்.

"பயமா இருந்துச்சு" என்றாள், பாதி சாலையைக் கடந்தபோது. "அம்மா ஜன்னல மூடுவாங்களா மாட்டாங்களான்னு எனக்கே தெரியல. ஸ்கிரிப்ட் என் மடியில இருக்கு, இருந்தும் தெரியல."

மூன்றாம் காட்சியின் முடிவைத்தான் சொன்னாள். சண்டைப் பாட்டு உச்சிக்குப் போய் நிற்கும். பயணி டிக்கெட் ஜன்னல் விளிம்பில் கையை வைப்பான். டிக்கெட் கொடுப்பவள் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்த வேண்டும். சாத்த மாட்டாள். இசை கிடையாது, வசனம் கிடையாது. சாத்துவாளா மாட்டாளா என்று மொத்த அரங்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு இடம் சரியாக விழுந்தால் நாடகம் ஓடும். விழாவிட்டால் நல்ல பாட்டுகள் கொண்ட ஒரு சாயங்காலம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"நாங்க ரெண்டு பேரும் பண்றப்ப?"

"நீங்க பண்றப்ப தெரிஞ்சிடுதுப்பா. மூட மாட்டாங்கன்னு."

அப்பா தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் மகளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டு அழுது முடித்திருக்கலாம். அவர் ஒரு கடை வாசலில் நின்று, கண்ணாடியில் தன் கன்னத்து வீக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பாக்காம எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார். "இன்னிக்கு அவர மேல ஏத்து. நான் கீழ உக்காந்து பாக்கறேன்."

*

ஒத்திகைக் கூடம் அரங்கத்தின் பின்கட்டில் இருந்தது. தரையில் மஞ்சள் டேப் ஒட்டிப் படகுத்துறையின் எல்லை காட்டியிருந்தார்கள். டேப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர். தெரியாமல் மிதித்தால் மேடை நிர்வாகி அம்மாள் "முழுகிட்டீங்க" என்பார். சிரிக்காமல் சொல்வார். எல்லாருக்கும் அவரிடம் பயம். நடுவே ஒட்டுப்பலகையில் செய்த டிக்கெட் ஜன்னல், பக்கவாட்டில் இழுத்துச் சாத்துகிற கதவோடு நின்றது.

முதலில் அம்மாவும் அப்பாவும் செய்தார்கள்.

"நேரம் தப்பி வந்தவரே, நின்று என்ன லாபம்?" என்று அம்மா பாடினாள்.

"படகு நேரத்தோடே போனதம்மா, அதுதான் என் கோபம்!" என்றார் அப்பா.

சுருதி நூல் பிடித்த மாதிரி நின்றது. அவள் மூச்செடுக்கும் இடத்தில் அவர் நுழைந்தார், அவர் முடிக்கும் இடத்தில் அவள் தொடங்கினாள். திட்டிக்கொண்டே பாடும்போது அம்மாவின் கை ஜன்னலைத் தாண்டி வந்து அவர் சட்டைக் காலரை ஒரு தரம் நிமிர்த்திவிட்டுப் போனது. ஸ்கிரிப்டில் அப்படி இல்லை. அப்படிச் செய்தது அவளுக்கே தெரிந்திருக்காது. அப்பா கையை விளிம்பில் வைத்தார். அம்மா காத்திருந்தாள். எவ்வளவு காத்திருக்க வேண்டுமோ அவ்வளவு.

குறை சொல்ல ஒன்றுமில்லை. பியானோக்காரர் கொட்டாவியை உதட்டுக்குள்ளேயே மென்று விழுங்கினார்.

ரேடியோ அப்போதுதான் உள்ளே வந்தார், வழக்கம்போலப் பன்னிரண்டு நிமிஷம் தாமதம். தாமதத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு ஒரு பஞ்சர் என்று எப்போதும் கைவசம் கதை வைத்திருப்பார்.

"ஸாரிக்கா" என்றார் அம்மாவிடம். மேடையில் 'கண்ணே' என்று உருகுகிறவர், மஞ்சள் டேப்பைத் தாண்டினால் 'அக்கா'.

"உங்களுக்கு மட்டும் ஊர்ல எல்லா பஸ்ஸும் பஞ்சராகுது" என்றாள் அம்மா.

அப்பா டேப்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். "நீங்க ஒரு தடவ நில்லுங்க சார். நான் பாக்கணும்."

"எதுக்குங்க இப்ப?" அம்மாவின் குரல் சட்டென்று உயர்ந்தது.

"முப்பது வருஷமா இந்தப் பாட்ட உள்ளேர்ந்தே கேட்டுட்டேன். வெளியேர்ந்து ஒரு தடவ கேக்கறேனே."

அவர் இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்தார். கால் மேல் கால் போடவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பியானோ தொடங்கியது. முதல் அடியிலேயே மகளுக்குத் தெரிந்துவிட்டது. வரவில்லை. அம்மா பயணியைப் பார்க்காமல் அவர் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துப் பாடினாள். ரேடியோ செய்தி வாசிப்பது போலத் தெளிவாக உச்சரித்தார். கடைசியில் அவர் கையை வைத்ததுதான் தாமதம், அம்மா கதவைப் படாரென்று இழுத்துவிட்டாள்.

"ஐயோ அக்கா, விரலு!"

கூடம் முழுக்கச் சிரித்தது. மேடை நிர்வாகி அம்மாளே சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், அவள் சிரிப்பில் பாரம் இறங்கிய நிம்மதி இருந்தது.

"பாத்தாச்சா?" என்றாள் அப்பாவிடம். "அன்னிக்கு என்னமோ ஒரு வேகத்துல வந்துடுச்சு. அதுக்குப் போயி ஆளாளுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு!"

மகளுக்கும் குழம்பியது. வியாழக்கிழமை கண்டது கனவா? ரேடியோ விரலை உதறிக்கொண்டு, குற்றம் செய்தவர் மாதிரித் தன் ஓரத்து நாற்காலியைத் தேடினார்.

சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். எழுந்து மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நான் வெளிய போறேன். டீ குடிக்கப் போயிருக்கேன்னு சொல்லு. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி ஓட்டு."

"எதுக்குப்பா?"

"சொன்னதச் செய்."

"அப்பா, வேணாம். பாத்தாச்சு இல்ல? வரல. விட்டுடலாம்."

"நான் இங்க உக்காந்திருந்தா அவ என் பொண்டாட்டிம்மா. நான் பாக்கறேன்னு தெரிஞ்சே பாடுறா. நான் போனாத்தான் அவ டிக்கெட் கொடுக்கறவ." அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. நெடுநாள் தொழில் பார்த்தவர் இன்னொரு தொழில்காரிக்குச் சொல்லும் தகவல் போல இருந்தது. "உனக்கு நாடகம் வேணுமா, வேண்டாமா?"

அவர் கதவைத் திறந்துகொண்டு போனார்.

*

கதவுக்கு வெளியே நீளமான நடைவழி. ஒரு பெஞ்சு, மணல் நிரப்பிய இரண்டு சிவப்பு வாளி, பழைய சுவரொட்டிகள் கட்டுக்கட்டாக. சுத்தம் செய்கிற பெண்மணி அந்தக் கோடியிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஈரத் தரையை மிதிக்காமல் இருக்க.

உள்ளே பியானோ கேட்டது.

முதல் இரண்டு வரி சாதாரணமாகத்தான் இருந்தது. மூன்றாவது வரியில் ரேடியோ தாளத்துக்கு அரை மாத்திரை பிந்தினார். பயிற்சி போதாதவன் செய்கிற தப்பு. அப்பா என்றால் பிந்தியிருக்க மாட்டார். அந்த அரை மாத்திரைக்குள் அம்மா புகுந்து அவரை வெட்டினாள். ரேடியோ தடுமாறி, தடுமாறிய எரிச்சலிலேயே அடுத்த வரியை எறிந்தார். அவள் அதைத் திருப்பி எறிந்தாள். ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஸ்கிரிப்டில் அந்த இடத்தில் சிரிப்பு கிடையாது.

துடைப்பது நின்றுபோயிற்று.

"உள்ள நெஜமாவே சண்டையா சார்?" என்றாள் அந்தப் பெண்மணி.

"நாடகம்மா."

"யாரு யாரு?"

"டிக்கெட் கொடுக்கற பொம்பள ஒருத்தி. படகத் தவறவிட்ட ஆளு ஒருத்தன்."

"அந்தாளு கிளம்பிடுவானா?"

"எங்க கிளம்புவான்? படகு போயிடுச்சே."

பாட்டு உச்சிக்குப் போய் நின்றது. பிறகு சத்தமே இல்லை. ரேடியோ இப்போது கையை விளிம்பில் வைத்திருப்பார் என்று அப்பாவுக்குத் தெரியும். அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்பது அவர் உடம்பிலேயே பதிந்திருந்தது. அந்த அளவு கடந்தது. இன்னும் கடந்தது. கதவு சாத்தும் சத்தம் வரவில்லை. சாத்தாமல் விட்டதற்கு அடையாளமாக வருகிற பியானோவும் வரவில்லை. சுத்தம் செய்கிறவள் துடைப்பக் கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தபடி நின்றாள்.

பொறாமை வரும் என்று அப்பா காத்திருந்தார். வரவில்லை. வந்தது வேறு. உள்ளே கேட்ட குரல் அவருக்குத் தெரிந்த குரல். முப்பது வருஷத்துக்கு முன்னால், ஒட்டுப்பலகை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து அவர் கேட்ட அதே குரல். அது எப்போதோ போய்விட்டது, வயதானால் எல்லாருக்கும் போவதுதான் என்று நினைத்து அவர் தேடாமல் விட்டிருந்தார். அது எங்கேயும் போகவில்லை. அவருக்குத்தான் கிடைக்காமல் இருந்திருக்கிறது.

பியானோ தொடங்கியது. உள்ளே யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும்.

அப்பா எழுந்தார். "தரை ஈரமா இருக்கு, ஓரமாப் போங்க" என்றாள் அந்தப் பெண்மணி. அவர் ஓரமாகவே நடந்து போனார்.

*

உடை அறையில் அம்மா நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, ரவிக்கையில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரர் சாப்பிடப் போயிருந்தார். மகள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். அவள் முகம் இன்னும் சூடாக இருந்தது. இப்படி ஒரு காட்சி கையில் வந்து விழும் என்று எந்த இயக்குநரும் கனவு மட்டும்தான் காண முடியும்.

"அப்பா எங்க?" என்றாள் அம்மா.

"டீ குடிக்க."

"பல்லு பிடுங்கின வாயில சூடா எதுவும் ஊத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

மகள் ஊசி டப்பாவைப் பார்த்தாள்.

"நீ வெளிய அனுப்பினியா?"

"அவராத்தான் போனாரும்மா. 'நான் இருந்தா வராது, மறுபடி ஓட்டு'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

அம்மா ஒரு ஊசியை எடுத்தாள். அதைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அந்த ரேடியோகாரனப் பத்தி உனக்கு என்ன தெரியும்? மூணரைக்கு ஸ்கூல் விட்டதும் ரெட்டைப் புள்ளைங்களக் கூட்டிட்டு வரணும்னு மணி பாத்துக்கிட்டே இருக்கறவன். கிட்ட வந்தா மிட்டாய் நாத்தம். தாளம் நிக்காது. எனக்கு அவனக் கண்டாலே எரிச்சல் வருது."

"அதான்மா..."

"என்ன அதான்?"

"அதான் வருது. அவர் அடுத்து என்ன பண்ணுவாருன்னு உங்களுக்குத் தெரியல. அதனால நீங்க பாக்கறீங்க, விடாம பாக்கறீங்க. அப்பா என்ன பண்ணுவாருன்னு உங்களுக்குத் தூக்கத்துலயும் தெரியும்."

"அது குத்தமா?"

"வீட்டுல இல்லம்மா. மேடையில..."

அம்மா கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தாள். "முடிவு பண்ணிட்ட."

"ஆமா."

"பொண்ணாச் சொல்றியா, டைரக்டராச் சொல்றியா?"

"டைரக்டரா."

"அப்ப நானும் டைரக்டர்கிட்ட மட்டும் சொல்றேன். அந்த ஆளோட நடிக்க எனக்குப் பிடிச்சிருக்கு. அந்த ஜன்னலுக்குப் பின்னாடி நிக்கறப்ப எனக்கு அம்பத்தாறு வயசுங்கறது மறந்து போச்சு. கால் வலி மறந்து போச்சு. வீடே மறந்து போச்சு. சொல்லிட்டேன். என் பொண்ணுகிட்ட இத நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு இது தெரிய வேணாம்."

ஊசி டப்பாவில் விழுந்தது.

"முதலாளிகிட்ட என்ன சொல்லப் போற? வாசல்ல எங்க மூஞ்சிய ஒட்டி வெச்சிருக்காரு."

"புதன்கிழமை அவரப் பாக்கறேன்."

"அப்பாகிட்ட?"

"அவருக்குத் தெரியும்மா."

"தெரியறது வேற. நாம சொல்றது வேற. நான் சொல்றேன். நீ வாயத் திறக்காத" என்றாள் அம்மா.

*

ஐந்தரைக்கு இருவரும் வீடு திரும்பினார்கள். சமையலறை ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் மேஜைவரை வந்திருந்தது. அப்பா சமைத்து முடித்து மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தார். கொடியில் காய்ந்த துணியை மடித்து நாற்காலியில் அடுக்கியிருந்தார், அம்மாவுடையது தனி, மகளுடையது தனி. அவருடையது அதில் இல்லை. அதை மகள் அப்போது கவனிக்கவில்லை.

"வா வா, உக்காரு. வலி எல்லாம் போயிடுச்சு" என்றார். "ஒத்திகை எப்படிப் போச்சு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். சொல்கிறேன் என்றவள் அவள்தான்.

அம்மா கை கழுவப் போனாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்தோடு சத்தமாக அவள் குரல் வந்தது.

"சுமார்தான்."

அப்பா கரண்டியை எடுத்துப் பரிமாற ஆரம்பித்தார். நடைவழியில் உட்கார்ந்து கேட்டதாக அவர் சொல்லவில்லை. முப்பது வருஷத்தில் அம்மா அவரிடம் சின்னச் சின்னப் பொய்கள் சொல்லியிருப்பாள், எல்லா வீட்டிலும் சொல்வதுதான். இது அந்தக் கணக்கில் சேராது என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"சுமாராப் போனா என்ன, இன்னும் இருபத்தொரு நாள் இருக்கே" என்றார் அப்பா. "வந்துடும்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"நான் வெள்ளிக்கிழமை கிளம்பறேன்" என்றார் அப்பா.

"எங்க?"

"பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா நாடகம் போடற குழு இருக்கே, நம்ம மொட்டை நடத்தறது. கரடி வேஷத்துக்கு ஆள் வேணும்னு கேட்டுட்டே இருந்தான். மத்தியானம் போன் பண்ணிச் சரின்னுட்டேன். நாலு மாசம். வேன்லயே சுத்தணும்."

"கரடியா?" என்றாள் மகள்.

"நல்ல கரடிதான். குழந்தைங்கள கடிக்காது."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தாள்.

"யாரக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"யாரையும் கேக்கல."

"எப்பக் கேட்டான் அவன்?"

"போன மாசம். உன்கிட்டகூடச் சொன்னேன். நீ பீரோவுல என்னமோ தேடிட்டிருந்த."

"அப்ப மாட்டேன்னு சொல்லிட்டு இப்ப ஏன் சரின்னீங்க?"

அப்பா தண்ணீர் குடித்தார். பிடுங்கிய பக்கம் படாமல் தலையைச் சாய்த்து, மெதுவாகக் குடித்தார். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அம்மாவை நேராகப் பார்த்தார்.

"நான் ஊர்ல இருந்தா முதல் நாள் முதல் வரிசையில உக்காருவேன். உக்காராம இருக்க என்னால முடியாது. நான் உக்காந்தா நீ மறுபடி விரல நசுக்குவ. அது நல்லால்ல."

அம்மாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. அவர் எங்கே இருந்தார், எதையெல்லாம் கேட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. 'சுமார்தான்' என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை.

மகளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. அப்பா ஊரில் இல்லை. முதலாளியிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்தாயிற்று, வெளியூர் ஒப்பந்தம் என்றால் அவரும் மறுக்க மாட்டார். யாரும் யாரையும் நீக்கவில்லை. நாளைக் காலையிலிருந்தே ரேடியோவை வைத்து முழு நாடகத்தையும் ஓட்டலாம். இரண்டாம் காட்சியின் வேகத்தைக்கூடக் கூட்டலாம். தட்டின் மேல் குனிந்திருந்தவள் இதையெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டு நிமிர்ந்தபோது, அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பது வருஷம் மேடையில் எதிரே நிற்பவர்களின் முகத்தைப் படித்தவள் அவள். பெற்ற மகளின் முகத்தைப் படிக்க அரை நொடி போதும்.

"சந்தோஷமா?" என்றாள்.

"அம்மா, அப்படி இல்ல..."

"டைரக்டரக் கேட்டேன்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கையை உயர்த்தினாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் எழுந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். அப்பாவுடையதையும் எடுத்துக் கழுவினாள். மகளின் தட்டை எடுக்கவில்லை. ஈரக் கையோடு வாசலில் நின்று சொன்னாள்:

"நாளைக்கு நீ முன்னாடி போ. எனக்காக யாரும் காத்திருக்க வேணாம். நான் அந்த ஜன்னலுக்குப் பின்னாடி நிக்கப் போறேனா, இல்ல வேன்ல கரடிக்குப் பக்கத்துல உக்காரப் போறேனான்னு இன்னும் முடிவு பண்ணல."

அப்பா சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அடுத்து என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியவில்லை.